டிவி கேமோடு ஜாய்ஸ்டிக்கையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

90களின் கோடை விடுமுறை விளையாட்டுகள் பற்றி உங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதியிருந்த நினைவுகளைப் படித்தேன். பம்பரம், கோலி, கிட்டிப்புள் எல்லாவற்றுக்கும் நல்ல இடம் கிடைத்திருந்தது. டிவியோடு ஒரு பெட்டியை இணைத்து ஆடும் டிவி கேமுக்கு ஒரே ஒரு வரி. அதையும் “இப்போது அதெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறதே” என்று ஒரு வாசகர் முடித்துவிட்டார். அந்த வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். மாரியோ ஆட்டத்தின் படமும் பாட்டும் செல்போனில் கிடைக்கின்றன, உண்மைதான். நாங்கள் விளையாடிய ஆட்டம் அதில் இல்லை. விளையாடியதைவிடப் பழுது பார்த்ததில்தான் எனக்கு அந்தப் பெட்டியை நன்றாகத் தெரியும் என்பதால், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அப்பா டிவி மெக்கானிக். விருதுநகரில் சின்னக் கடை வைத்திருந்தார். சாலிடேர், டயனோரா என்று பெரிய பெரிய டிவிகள் வந்துபோகும் கடையில், 90களின் நடுவில் கேம் பெட்டிகளும் வர ஆரம்பித்தன. மேலே சாமுராய் என்று போட்டிருக்கும், லிட்டில் மாஸ்டர் என்று போட்டிருக்கும், பெயரே இல்லாமலும் சில வரும். அடியில் இருக்கும் ஸ்குரூவைக் கழற்றினால் எல்லாம் ஒரே வம்சம். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் வழிவந்தவை அவை, பெரும்பாலும் நகல்கள். (ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது.) ரஷ்யாவில் டென்டி, போலந்தில் பெகாசஸ் என்ற பெயர்களில் இதே பெட்டியின் நகல்கள்தான் வீடு வீடாகப் போயிருக்கின்றன. நின்டெண்டோ கணக்குப்படி உலகம் முழுக்க விற்ற அசல் பெட்டிகள் 6 கோடியே 19 லட்சம். நாங்கள் விளையாடிய நகல்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் மசாயுகி உஎமுரா என்ற பொறியாளர். 8 பிட் செயலி, வேலை பார்க்க 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வணக்கப் படம்கூட அதைவிடப் பெரியது. இடம் பற்றாததால் வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் அதில் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஒருநாள் கடையில் டெஸ்டுக்காக ஓடிக்கொண்டிருந்தபோது அதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டிருந்த டிவியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்தார். “கெட்டிக்காரன்யா” என்றார், அதைச் செய்த முகம் தெரியாத ஆளை.

சரி, ஜாய்ஸ்டிக்குக்கு வருகிறேன். கையில் பிடித்து பட்டன்களை அமுக்கும் சாமான் அது, உண்மையில் அதில் குச்சி எதுவும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊரில் எல்லோரும் ஜாய்ஸ்டிக் என்றுதான் சொல்வோம். கடைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அதுதான். பெட்டி அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெட்டால் பெரும்பாலும் அடாப்டர் மாற்றிப் போட்டு ரெகுலேட்டர் போயிருக்கும். ஜாய்ஸ்டிக் அப்படியில்லை. “அண்ணாச்சி, ஜம்ப் ஆக மாட்டேங்குது”, “அண்ணாச்சி, ரைட்ல போக மாட்டேங்குது” என்று பையன்கள் வயரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வருவார்கள். எங்கே கெட்டிருக்கிறது என்பதை வைத்தே எந்த ஆட்டம் அதிகம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மாரியோ வலது பக்கமாகவே ஓடும் ஆட்டம். அதனால் வலது அம்புக்குறிக்கு அடியில் இருக்கும் ரப்பர்தான் முதலில் தேயும். அப்புறம் தாவுவதற்கான ஏ பட்டன். டாங்க் வண்டி ஓட்டிச் சுடும் ‘டாங்க்’ ஆட்டம் ஆடுகிற வீட்டு ஜாய்ஸ்டிக்கில் நாலு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும்.

உள்ளே பார்த்தால் மிக எளிமையான சாமான். பச்சை போர்டு ஒன்று. அதன்மேல் ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு பட்டனுக்கும் நேர் கீழே ரப்பரில் ஒரு கரிப் பொட்டு. பட்டனை அமுக்கும்போது அந்தக் கரி, போர்டில் இருக்கும் இரண்டு தடங்களையும் தொட்டு இணைக்கும். பெட்டிக்குப் போகும் வயரில் வேலை பார்ப்பவை ஐந்தே இழைகள். ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், மிச்சம் மூன்றில்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது. டிவியில் படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், நம் ஊர் டிவிக்கு நொடிக்கு 50 தடவை, “இப்போது எவை அமுங்கியிருக்கின்றன?” என்று பெட்டி கேட்கும். ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது என்று எட்டு பட்டன்களின் நிலையையும் வரிசை மாறாமல் ஒரே இழையில் ஒன்றன்பின் ஒன்றாக ஜாய்ஸ்டிக் சொல்லி முடிக்கும். மூன்றாவது இழை, அடுத்தது, அடுத்தது என்று தாளம் போடும். பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் வருவதற்கு முன்பே இப்படி ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பும் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் டிப்ளமோ வகுப்பில் அதைப் போர்டில் வரைந்தபோது, கடையில் தினம் பார்த்தது இதுதானா என்று அவ்வளவு சந்தோஷம்.

நான்கு திசை அம்புக்குறிகளும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக, கூட்டல் குறி வடிவத்தில் இருக்குமே, அதை உருவாக்கியவர் நின்டெண்டோவின் குன்பே யோகோய். 1982-இல் வந்த கையடக்க டாங்கி காங் ஆட்டத்துக்காகச் செய்தார். நடுவில் ஒரு முனையில் உட்கார்ந்து ஆடும்படி அமைத்ததால், இடதும் வலதும் சேர்ந்து அமுங்க வழியில்லை. கட்டை விரலை எடுக்காமலேயே திசை மாற்றலாம். கண் டிவியில் இருக்க, விரல் தானாகப் பள்ளத்தையும் மேட்டையும் தடவி இடத்தைக் கண்டுபிடிக்கும். செல்போன் கண்ணாடியில் வரைந்து வைத்திருக்கும் அம்புக்குறியில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? விரல் வழுக்கி ஓரம் போனாலும் தெரியாது. மாரியோ குழியில் விழுந்த பிறகுதான் தெரியும். என் தம்பி மகன் செல்போனில் முதல் சுற்றையே தாண்ட முடியாமல் “இது மொக்கை கேம் அத்தை” என்றான். பழைய ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். அன்று சாயங்காலமே மூன்றாவது சுற்றில் நின்றான்.

அப்பா பழுது பார்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கரி தேய்ந்துபோன ரப்பருக்கு, சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுவார். வயர் உள்ளே அறுவது எப்போதும் ஜாய்ஸ்டிக்கின் கழுத்துப் பக்கம்தான், பிடித்து இழுக்கிற இடம் அதுதானே. அங்கே நாலு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சால்டர் செய்ய வேண்டும். கம்பெனிக்கு கம்பெனி இழைகளின் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பற்றவைக்க வேண்டும். பெட்டியில் சொருகும் ஆட்டக் கேசட் ஓடவில்லை என்றால் பையன்கள் வாயால் ஊதுவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. “எச்சில் பட்டா பித்தளை கறுத்துரும் தம்பி” என்பார். கழற்றித் திரும்பச் சொருகும்போது முனைகள் சரியாகப் பொருந்துவதால்தான் ஓடும், ஊதியதால் அல்ல. அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் கொடுப்பார். பாகங்கள் தேவைப்பட்டால் சென்னைக்கு, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்வருவார். ஜப்பானில் நின்டெண்டோ 2003-இல் ஃபேமிகாம் உற்பத்தியை நிறுத்தியது. பாகங்கள் கிடைக்கவில்லை என்று 2007-இல் பழுது பார்ப்பதையும் நிறுத்தியது. அதற்குப் பிறகும் எங்கள் கடையில் அந்த வேலை நடந்தது.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மாரியோவில் இரண்டு பேர் என்றாலும் ஒருவர் செத்த பிறகுதான் அடுத்தவர் முறை. டாங்க் ஆட்டமும் கான்ட்ராவும் அப்படியல்ல. நாம்கோ நிறுவனத்தின் பேட்டில் சிட்டிதான் எங்களுக்கு டாங்க். கீழே இருக்கும் கழுகை இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். கூட ஆடுபவரைத் தெரியாமல் சுட்டுவிட்டால் அவர் டாங்க் கொஞ்ச நேரம் நகராது, அந்த நேரத்துக்குள் எதிரி வந்துவிடுவான். செங்கல், இரும்பு, தண்ணீர் எல்லாம் வைத்து நாமே களம் கட்டிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. என் தம்பி அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு கோட்டை கட்டுவான். சேமித்து வைக்க வழி கிடையாது. கரண்ட் போனால் கோட்டையும் போச்சு. மறுநாள் நினைவில் இருந்து திரும்பக் கட்டுவான், இன்னும் கொஞ்சம் நன்றாக.

கொனாமி நிறுவனத்தின் கான்ட்ராவில் அருவி ஏறும் கட்டம் ஒன்று வரும். ஒருவர் அவசரப்பட்டு மேலே தாவிவிட்டால் திரை அவரோடு மேலே நகர்ந்துவிடும். பின்னால் வருபவர் திரைக்குக் கீழே விழுந்து சாவார். அங்கே எத்தனை நண்பர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்! நம் உயிர் எல்லாம் தீர்ந்த பிறகு கூட்டாளியிடம் மிச்சம் இருக்கும் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளவும் முடியும். கேட்டு எடுப்பவர்கள் உண்டு, கேட்காமல் எடுப்பவர்களும் உண்டு. பக்கத்தில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம்தான் இந்த வழக்கெல்லாம் நடக்கும். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி ஏ என்று அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும் வித்தையையும் தம்பி எங்கிருந்தோ கற்று வந்தான். அதை முதலில் வைத்தவர் கொனாமியில் இருந்த கஸுஹிஸா ஹாஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கும்போது அது தனக்கே மிகக் கடினமாக இருந்ததால் வைத்தாராம். 2020-இல் அவர் இறந்த செய்தியைத் தம்பிக்குச் சொன்னபோது, போனைக் காதில் வைத்துக்கொண்டே அந்த வரிசையை வாய்விட்டுச் சொன்னான். வாயால் சொல்ல முடிந்தாலும் கட்டை விரல் அசைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது டிவி. பிக்சர் டியூப் வைத்த பழைய குழாய் டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேம் பெட்டியை மட்டும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் பெட்டியில் சொருகி ஆடும் விளையாட்டுத் துப்பாக்கி இருந்தால் இன்று அது வெறும் பொம்மை. வாத்துச் சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை. டிவியில் இருந்து வரும் வெளிச்சத்தைத்தான் அது பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித் துளிக்கு முழுக்கக் கறுக்கும். அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். குழாய் டிவி கோடு கோடாகத் திரையை வரைவதையும், அது வரையும் வேகத்தையும் நம்பி அமைத்த வேலை இது. இன்றைய தட்டை டிவி அப்படி வரைவதில்லை. படத்தை வாங்கி, மெருகேற்றி, கொஞ்சம் தாமதித்துக் காட்டுகிறது. துப்பாக்கி பார்க்கும் நேரத்தில் அங்கே எதுவும் இருக்காது.

அந்தத் தாமதம் ஜாய்ஸ்டிக்கையும் கெடுக்கிறது. பழைய 400 ஆட்டங்கள் உள்ளே இருப்பதாக விளம்பரம் செய்த ஒரு சின்னக் கருவியை இணையத்தில் வாங்கித் தட்டை டிவியில் சொருகினோம். ஏ பட்டனை அமுக்கிய பிறகு மாரியோ யோசித்துத் தாவினார். பார்ப்பதற்கு எல்லாம் அப்படியே இருந்தது, கைக்கு எதுவுமே சரியில்லை. இதே நிலையில் இருப்பவர்கள் டிவி செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போட்டுப் பாருங்கள், ஓரளவு சரியாகும். முழுக்கச் சரியாக வேண்டுமென்றால் குழாய் டிவிதான். நம் மாநிலத்தில் 2006 முதல் அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவசக் கலர் டிவிகளில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேரும் முன் அவற்றில் சிலவற்றையாவது மீட்க வேண்டும்.

பழைய பெட்டிக்கு இவ்வளவு அக்கறை தேவையா என்று கேட்கலாம். மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். உஎமுரா ஓய்வுபெற்ற பிறகு கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, வீடியோ கேம்களைச் சேகரித்து ஆராயும் வேலையில் 2021-இல் இறக்கும் வரை இருந்தார். 2023-இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், கோஜி கொண்டோ அமைத்த மாரியோ இசையைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு அங்கே வெளியான ஓர் ஆய்வு, 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று கணக்கிட்டது. 2024 அக்டோபரில் கியோட்டோ பக்கத்தில் உஜியில், தன் பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே நின்டெண்டோ அருங்காட்சியகம் திறந்திருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்து ஆடும் ராட்சத ஜாய்ஸ்டிக்கும்கூட அங்கே இருக்கிறது. இரண்டு பேர் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

ஆனால் உஜியில் சாமுராயையும் லிட்டில் மாஸ்டரையும் வைக்க மாட்டார்கள். ‘9999 இன் 1’ என்று அச்சடித்து உள்ளே சில ஆட்டங்களையே திரும்பத் திரும்ப வேறு பெயரில் போட்டிருந்த மஞ்சள் கேசட்டை வைக்க மாட்டார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, பெஞ்சில் வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்த வாடகைக் கடைகளை வைக்க மாட்டார்கள். வெள்ளித் தாள் ஒட்டிய ஜாய்ஸ்டிக் அங்கே இருக்காது. அவற்றை நாம் வைத்தால்தான் உண்டு.

என் வேண்டுகோள் இதுதான். மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அது திறக்கப்பட்டது 2023 ஜூலை 15, ஃபேமிகாம் வெளியாகிச் சரியாக 40 ஆண்டுகள் நிறைந்த நாளில். வேண்டுமென்று யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள், எனக்குத்தான் அதைப் பார்த்ததில் சந்தோஷம். குழந்தைகளுக்கென்று நல்ல பிரிவு அங்கே இருக்கிறது. அதில் ஒரு மூலையில் ஓடுகிற நிலையில் ஒரு குழாய் டிவி, ஒரு கேம் பெட்டி, நாலைந்து கேசட் வைக்கலாம். கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகள் தொட்டு ஆட வேண்டும், தேய வேண்டும், தேய்ந்ததைக் கழற்றிச் சரிசெய்வதை அவர்களே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து இழையும் ஒரு ரப்பரும் உள்ள சாமான்தான் அது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இன்றைக்குக் கையில் இருக்கும் எந்தக் கருவியைத் திறந்து இப்படிக் காட்ட முடியும்?

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பரணில் பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கிடைத்த அடாப்டரைச் சொருகியும் பார்க்காதீர்கள், நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பெட்டிக்குப் பெட்டி வேறுபடும், மாறினால் உள்ளே எரியும். குழாய் டிவியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், இன்னும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்.

அப்பாவின் பெட்டியில் மிச்சமிருக்கும் ரப்பர் விரிப்புகளும், ஒன்பது முனை பிளக்குகளும், ஓடுகிற நிலையில் ஒரு லிட்டில் மாஸ்டரும் என்னிடம் இருக்கின்றன. நூலகமோ பள்ளியோ கேட்டால் கொடுக்கிறேன், சால்டர் வேலையையும் நானே வந்து செய்துதருகிறேன். இரண்டு ஜாய்ஸ்டிக் வைக்க இடம் ஒதுக்குவோம் என்று மட்டும் அவர்கள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்கின் மகள்,
விருதுநகர்